வீட்டுப் பெரியவருக்கு மனம் சரியில்லையா? கோலாலம்பூரில் எங்கிருந்து தொடங்குவது

அப்பா காலமான ஆறாவது மாதத்தில் அம்மா தன் இரண்டு வளையல்களையும் அரிசி வாளிக்குள் புதைத்துவைக்கத் தொடங்கினார். எதிர்வீட்டு அக்கா அவற்றை எடுக்கத்தான் சுற்றிவருகிறார் என்றார். இரவில் உறக்கம் இல்லை. சோறு இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. கேட்டால், "வயிறு எரிகிறது" என்பதோடு சரி. முதலில் துக்கம் என்று நினைத்தோம், பிறகு வயது என்று சொல்லிக்கொண்டோம். உறவினர் ஒருவர் செய்வினை என்றார், அதற்கும் ஓடினோம். வயிற்றுக்கு மாத்திரை, குழாய் விட்டுப் பரிசோதனை, மந்திரித்த கயிறு என்று எட்டு மாதங்கள் போய்விட்டன. அம்மா பதினொரு கிலோ இளைத்துவிட்டார்.

கடைசியில் வழி திறந்தது எங்கள் செந்தூல் வட்டாரத்து அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில்தான். அந்த எட்டு மாதங்களை நீங்களும் இழக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்ல. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு முகப்பிலும் நின்றவள்.

1. முதலில் இது அவசரமா என்று பாருங்கள்

நேற்று வரை தெளிவாகப் பேசிய பெரியவர் இன்று திடீரென்று இடம், நாள், ஆள் தெரியாமல் குழம்புகிறாரா? காலையில் தெளிவு, மாலையில் பிதற்றல் என்று மாறி மாறி வருகிறதா? அதை மனநோய் என்றோ மறதி நோய் என்றோ எண்ணிக் காத்திருக்காதீர்கள். சிறுநீர்த் தொற்று, நிமோனியா, உடலில் உப்புச் சத்துக் குறைவு, சர்க்கரை இறங்கிப்போவது, புதிதாகச் சேர்த்த மருந்து என உடல் சார்ந்த காரணம் எதுவும் முதியவர்களை இப்படிக் குழப்பிவிடும். மணிக்கணக்கிலோ ஓரிரு நாளிலோ வந்த குழப்பம் என்றால் அன்றே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். வாய் கோணுவது, ஒரு கை தளர்வது போன்றவை சேர்ந்திருந்தால் 999ஐ உடனே அழையுங்கள்.

இரண்டாவது அவசரம், சாவைப் பற்றிய பேச்சு. "நான் போய்ச் சேர்ந்தால் உங்களுக்கு நிம்மதி" என்று பெரியவர்கள் சொல்வதை வழக்கமான புலம்பல் என்று நாம் கடந்துவிடுகிறோம். கடக்காதீர்கள். "உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா அம்மா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள். பூச்சி மருந்தையும் மிச்ச மாத்திரைகளையும் வீட்டிலிருந்து அகற்றிவிட்டு அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். போலீஸ் வழக்கு வந்துவிடுமோ என்று பயந்து சம்பவத்தை மறைத்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. அந்தப் பயம் இனி வேண்டாம்.

பேசுவதற்கு: சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555. மனம் விட்டுப் பேசக் காது கொடுக்கும் தன்னார்வ அமைப்பான பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-7627 2929. முதியவர் அடிக்கப்படுகிறார், கைவிடப்பட்டிருக்கிறார் என்றால் அரசாங்கத்தின் தாலியான் காசே உதவி எண் 15999. எடுத்தவுடன் தமிழ் தெரிந்தவர் இருக்கிறாரா என்று கேளுங்கள்.

2. இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள்

அவசரம் இல்லை என்றால் இதிலிருந்து தொடங்குங்கள். செயலி எதுவும் வேண்டாம். பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் போதும். தேதி, நேரம், நடந்தது. அவ்வளவுதான். என் நோட்டிலிருந்து ஒரு நாள்:

"செவ்வாய். இரவு 2.10க்கு எழுந்தார். கதவுத் தாழ்ப்பாளை நான்கு முறை பார்த்தார். காலை அரை இட்லி. மாலை 6 மணிக்கு மேல் அழுகை. வளையலை வாளியில் தேடினார்; தானே வைத்த இடம் நினைவிருக்கிறது."

அந்தக் கடைசி வாக்கியத்தை மருத்துவர் இரண்டு முறை படித்தார். மனச்சோர்வில் இருப்பவர் தனக்கு நினைவே இல்லை என்று தானே முறையிடுவார். ஆனால் பொறுமையாகக் கேட்டால் பெரும்பாலும் சொல்லிவிடுவார். மறதி நோய் தொடங்கியவர் தன் மறதியை உணராமலோ மறைத்தோ ஏதாவது சொல்லிச் சமாளிப்பார். இரண்டும் சேர்ந்தே வருவதும் உண்டு. பிரித்துப் பார்ப்பது மருத்துவர் வேலை. அதற்கு உங்கள் நோட்டு வேண்டும், ஏனென்றால் அங்கே அவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான்.

"வயசானாலே இப்படித்தான்" என்று நோட்டில் எழுதாதீர்கள். நீங்கள் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். காது கேட்பது குறைந்ததா, கண்புரை உண்டா, மதுப் பழக்கம் உண்டா, அண்மையில் விழுந்தாரா என்பவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். காது கேளாததாலேயே எல்லோரும் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று சந்தேகப்படும் முதியவர்கள் இருக்கிறார்கள்.

3. கோப்பில் என்னென்ன இருக்க வேண்டும்

பெரியவரின் அடையாள அட்டையும் இரண்டு நகல்களும். உங்கள் அடையாள அட்டை. ரத்த அழுத்தம், சர்க்கரைக்கான பழைய அட்டைகள், பரிசோதனை முடிவுகள். சாப்பிடும் மாத்திரைகள் எல்லாம் ஒரு பையில், அட்டையோடு. இதில் கடை மருந்தும் நாட்டு மருந்தும் சேர்த்தி. நாங்கள் தவறவிட்டது அதுதான்: சளிக்காகவும் அரிப்புக்காகவும் அம்மா தினம் போட்டுக்கொண்ட ஒரு மஞ்சள் மாத்திரை. உறக்கம் வரவைக்கும் அந்தப் பழைய வகை ஒவ்வாமை மாத்திரைகள் முதியவர்களின் குழப்பத்தைக் கூட்டும் என்று மருந்தாளர் சொல்லித்தான் தெரிந்தது.

குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அடையாள அட்டை வைத்திருப்பவர்கள் நம்மிடையே இன்னும் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்குச் சிகிச்சை உண்டு, ஆனால் கட்டணம் வேறு. கீழே நான் சொல்லும் முதியோர் உதவித்தொகை குடிமக்களுக்கு மட்டுமே. பதிவு முகப்பில் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

4. சுகாதாரக் கிளினிக்கில் முதல் நாள்

நேரே மனநல மருத்துவரிடம் போகலாமே என்று தோன்றும். தனியாரிடம் போகலாம்தான். நாங்கள் ஒருமுறை போனதற்கு 280 ரிங்கிட், மருந்துக்குத் தனியே. தொடர்ந்து கொடுக்க முடியுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள், இது மாதங்கள், சில நேரம் ஆண்டுகள் நீளும் சிகிச்சை. அரசாங்கக் கிளினிக்கில் பதிவுக் கட்டணம் 1 ரிங்கிட், மருந்தும் அதிலேயே அடக்கம்; 60 வயதைத் தாண்டிய குடிமக்களிடம் அதையும் வாங்குவதில்லை.

மைசெஜாத்ரா செயலியில் முன்பதிவு செய்யலாம். நேரில் போவதென்றால் காலை ஏழரைக்கே போய்விடுங்கள். திங்கட்கிழமையையும், பொது விடுமுறைக்கு மறுநாளையும் தவிர்த்துவிடுங்கள். பசி தாங்காத பெரியவருக்கு ரொட்டியும் சுடுநீரும் எடுத்துப் போங்கள்.

பதிவு முகப்பில், "அம்மாவுக்கு மனநலப் பரிசோதனையும் முதியோர் பரிசோதனையும் வேண்டும்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். வயிற்றெரிச்சல் என்று மட்டும் சொன்னால் வயிற்றுக்குத்தான் மருந்து கிடைக்கும். எங்களுக்கு எட்டு மாதம் அதுதான் கிடைத்தது. கேள்வித்தாள் கொடுப்பார்கள். மனச்சோர்வுக்குத் தனி, நினைவாற்றலுக்குத் தனி. இன்று என்ன கிழமை, இது எந்த இடம், மூன்று சொற்களை நினைவில் வைத்துத் திருப்பிச் சொல், கடிகாரம் வரை என்று கேட்பார்கள். பதிலை நீங்கள் எடுத்துக்கொடுக்காதீர்கள். அம்மா திணறும்போது நாக்கு நுனி வரை வந்துவிடும், அடக்கிக்கொள்ளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர், தோட்டத்தில் பால்மரம் சீவி வளர்ந்தவர், இரண்டாம் வகுப்போடு நின்றவர் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மதிப்பெண்ணை அதற்கேற்பப் பார்க்க வேண்டும்.

மொழி விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் மருத்துவர் அன்பானவர். மலாயில், "மாக்சிக் செடிஹ்?" என்று கேட்டார், துக்கமா என்று. அம்மா, "தா செடிஹ்" என்றார். துக்கம் இல்லையாம். முடிந்தது என்று நான் நினைத்தேன். ரத்தம் எடுக்க வந்த தமிழ்த் தாதி, ஊசியைக் குத்திவிட்டுப் பஞ்சை அழுத்திப் பிடித்தபடியே, "ராத்திரி தூக்கம் வராதபோது என்ன நினைப்பு வரும் பாட்டி?" என்று கேட்டார். அம்மா பத்து நிமிடம் பேசினார். அப்பாவைக் கடைசி நாளில் தான் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்றும், அதற்குத் தண்டனையாகத்தான் வயிறு எரிகிறது என்றும் சொன்னார். இத்தனை மாதமாக எங்களிடம் சொல்லாதது. தாதி திரும்பிப் போய் மருத்துவரிடம் சொன்னார். அன்றுதான் பரிந்துரைக் கடிதம் எழுதப்பட்டது.

நம் பெரியவர்கள் "மனச்சோர்வு" என்ற சொல்லைச் சொல்ல மாட்டார்கள். நெஞ்சு பாரம், உடம்பெல்லாம் எரிச்சல், தலை கிறுகிறுப்பு, கை கால் ஓய்ச்சல் என்றே சொல்வார்கள். தமிழ் தெரிந்த ஊழியர் இருக்கிறாரா என்று தயங்காமல் கேளுங்கள். நீங்களே மொழிபெயர்ப்பதானால் சுருக்காமல், அழகுபடுத்தாமல், அம்மா சொன்ன சொல்லையே சொல்லுங்கள். ஐந்து நிமிடமாவது நீங்கள் வெளியே போய்விட்டு அவரைத் தனியாகப் பேச விடுங்கள். பிள்ளைகள் முன்னால் சொல்ல முடியாதது இருக்கும்.

ரத்தப் பரிசோதனை அவசியம்: தைராய்டு, பி12, உப்பு, சர்க்கரை, சிறுநீரகம். தைராய்டு குறைவாலேயே சோர்ந்து முடங்கிய முதியவர்கள் உண்டு. எல்லாவற்றையும் கிளினிக்கிலேயே எடுக்க முடியாது. எது விட்டுப்போனது என்று கேட்டு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

5. பரிந்துரைக் கடிதம், பிறகு மருத்துவமனை

இந்தக் கடிதம்தான் சாவி. வாங்கியவுடன் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள், பெயரும் அடையாள அட்டை எண்ணும் சரியா என்று அங்கேயே பாருங்கள். எங்கள் கடிதத்தில் ஓர் எண் மாறியிருந்தது. ஒரு முகப்பில் திருப்பி அனுப்பிவிட்டார்கள், அரை நாள் போயிற்று. நிபுணர் கிளினிக்கின் கட்டணம் 5 ரிங்கிட், மூத்த குடிமக்களுக்கு அதிலும் விலக்கு உண்டு. தனியார் மருத்துவரின் கடிதத்தோடு வருபவர்களுக்கு முதல் வருகைக் கட்டணம் கூடுதல்.

முதல் சந்திப்புக்கு எங்களுக்கு ஏழு வாரம் ஆனது. அந்த இடைவெளியில் நிலைமை மோசமானால் தேதிக்காகக் காத்திருக்காதீர்கள். கிளினிக்குக்கே திரும்பிப் போய், இன்னும் சீக்கிரமான தேதி வாங்கித் தரும்படி கேளுங்கள். உண்ணாமல் நீர் அருந்தாமல் போனால் அவசரப் பிரிவு.

கோலாலம்பூர் மருத்துவமனைக்குச் செந்தூலிலிருந்து காரில் போய் நிறுத்துமிடம் தேடி அலைய வேண்டாம். செந்தூல் எல்ஆர்டி நிலையத்திலிருந்து ஒரே நிறுத்தத்தில் தித்திவங்சா, அங்கே எம்ஆர்டிக்கு மாறினால் அடுத்த நிறுத்தமே மருத்துவமனைதான். 60 வயதைத் தாண்டியவர்களுக்குச் சலுகை அட்டையில் பாதிக் கட்டணம். நடக்க முடியாதவர் என்றால் வாசலில் சக்கர நாற்காலி கேளுங்கள். அந்த நாளை முழுவதுமாக ஒதுக்கிவிடுங்கள். மதியத்துக்குள் திரும்பிவிடலாம் என்று மேலாளரிடம் சொல்லிவிட்டு வந்து தவித்தேன்.

பணம் கட்ட முடியாத நிலை என்றால் மருத்துவமனையிலேயே மருத்துவச் சமூகப் பணி அதிகாரிகள் இருக்கிறார்கள். வார்டில் சேர்த்த அன்றே அவர்களைப் பாருங்கள், வெளியேறும் நாளில் அல்ல.

6. மருந்து விஷயத்தில் பொறுமை

மனச்சோர்வு மருந்து தலைவலி மாத்திரை போல் அன்றே வேலை செய்யாது. இரண்டு முதல் நான்கு வாரம், முதியவர்களுக்கு அதற்கு மேலும் ஆகும். முதல் வாரத்தில் குமட்டலும் படபடப்பும் வரலாம். இங்கேதான் பல குடும்பங்கள் நிறுத்திவிடுகின்றன. நாங்களும் ஒன்பதாம் நாள் நிறுத்தினோம், பிறகு முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. நிறுத்தத் தோன்றினால் முதலில் தொலைபேசியில் கேளுங்கள். நன்றாகிவிட்டது என்று தோன்றும்போதும் அப்படியே.

ஆனால் மருந்து தொடங்கிய பிறகு புதிதாகக் குழப்பமோ தள்ளாட்டமோ வந்தால் உடனே திரும்பிப் போங்கள். இவ்வகை மருந்துகளில் சில முதியவர்களின் ரத்தத்தில் உப்பைக் குறைத்துவிடும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். தூக்க மாத்திரையை அண்டை வீட்டாரிடம் வாங்கிக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். இரவில் கழிப்பறைக்கு எழுந்து விழுந்து இடுப்பு முறிந்தவர்களின் கதை நம் தாமானில் எத்தனை இருக்கிறது.

மருந்து ஒரு மாதத்துக்குத்தான் தருவார்கள், அடுத்த சந்திப்பு மூன்று மாதம் கழித்து இருக்கும். மிச்சத்தை வீட்டுப் பக்கத்துக் கிளினிக்கில் வாங்கிக்கொள்ளவும், தபாலில் வரவழைக்கவும் ஏற்பாடு உண்டு. மருந்தகத்தில் நீங்களாகக் கேட்க வேண்டும்.

7. வர மறுத்தால்

"என்னைத் தஞ்சோங் ரம்புத்தானில் விட்டுவிடாதே" என்று அம்மா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். மனநல மருத்துவமனை இருக்கிறது என்பதற்காக அந்த ஊர்ப் பெயரையே வசவாக்கி வைத்திருக்கிறோம் நாம். அதற்கு இப்போது நம் பெற்றோர் விலை கொடுக்கிறார்கள். கோயிலுக்குப் போகலாம் என்று பொய் சொல்லிக் கூட்டிப்போகாதீர்கள். சந்தேகம்தான் நோய் என்றால், அந்தப் பொய் அதற்குத் தீனி. "உறக்கத்துக்கும் வயிற்றுக்கும் மருத்துவரைப் பார்ப்போம், நானும் ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொன்னேன். இரண்டுமே உண்மை. வந்தார்.

திருடுகிறார்கள் என்று சொல்லும்போது வாதாடாதீர்கள், ஆமாம் போடவும் வேண்டாம். "உனக்குப் பயமாக இருக்கிறது, நான் பக்கத்திலேயே இருக்கிறேன்" என்பது போதும். எதிர்வீட்டு அக்காவிடம் நான் போய் விஷயத்தைச் சொன்னேன். வெட்கமாகத்தான் இருந்தது. இன்று அம்மா தனியாக இருக்கும்போது எட்டிப் பார்ப்பவர் அவர்தான்.

எதற்கும் இணங்காமல், தனக்கோ பிறருக்கோ ஆபத்து என்ற நிலை வந்தால் 2001ஆம் ஆண்டு மனநலச் சட்டம் வழி சொல்கிறது. 10ஆம் பிரிவின்படி உறவினர் விண்ணப்பமும் மருத்துவரின் பரிந்துரையும் இருந்தால் சேர்க்கலாம். 11ஆம் பிரிவு போலீசுக்கும் சமூகநல அதிகாரிக்கும் அழைத்துச் செல்ல அதிகாரம் தருகிறது. கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

8. வீட்டுக்கு அருகே கிடைக்கும் துணை

மருத்துவமனை சில மாதங்களுக்கு ஒரு நாள். மற்ற நாட்களை நிரப்புவது யார்? சுகாதார அமைச்சின் மென்தாரி சமூக மனநல மையங்களைக் கேளுங்கள். ஆலோசனை, குடும்பத்துக்கு விளக்கம், தேவைப்பட்டால் வீட்டுக்கு வந்து பார்ப்பது வரை செய்கிறார்கள். சமூகநல இலாகாவின் முதியோர் நடவடிக்கை மையங்களும் சில சுகாதாரக் கிளினிக்குகளின் முதியோர் மன்றங்களும் பகல் பொழுதுக்கு உதவும். தனியே வாழும் முதியவரை வீட்டுக்கே வந்து பார்க்கும் தன்னார்வலர் திட்டமும் அந்த இலாகாவிடம் உண்டு. மறதி நோய் என்றால் பெட்டாலிங் ஜெயாவில் இருக்கும் மலேசிய அல்சைமர் நோய் அறக்கட்டளை பகல்நேரப் பராமரிப்பும் பராமரிப்பாளருக்கு வழிகாட்டலும் தருகிறது.

தனியார் முதியோர் இல்லம் பார்ப்பதானால், 1993ஆம் ஆண்டுப் பராமரிப்பு மையச் சட்டத்தின் கீழ் சமூகநல இலாகாவில் பதிந்த சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள். சுவரில் மாட்டியிருக்க வேண்டும். காட்டத் தயங்கினால் வெளியே வந்துவிடுங்கள்.

9. பணமும் படிவமும்

முதியோர் உதவித்தொகை 2025 முதல் மாதம் 600 ரிங்கிட். 60 வயது, குடியுரிமை, வருமானமின்மை, குடும்பம் தாங்க முடியாத நிலை ஆகியவற்றைப் பார்ப்பார்கள். சமூகநல இலாகாவின் மாவட்ட அலுவலகத்திலோ இணையத்திலோ விண்ணப்பிக்கலாம். அடையாள அட்டை நகல், வங்கிக் கணக்கு விவரம், பிள்ளைகளின் சம்பளச் சீட்டு, மின்சார, தண்ணீர் பில், மருத்துவ அறிக்கை வேண்டும். அதிகாரி வீட்டுக்கு வருவார். அன்று நல்ல புடவை கட்டிவிட்டு எல்லாம் நலம் என்று சொல்லும் அம்மாக்களைப் பற்றி எச்சரிக்கிறேன். பக்கத்து வீட்டு மூதாட்டிக்கு அப்படித்தான் முதல்முறை நிராகரித்தார்கள். நோட்டுப் புத்தகத்தை அதிகாரியிடம் காட்டுங்கள்.

மாற்றுத் திறனாளி அட்டைக்குப் பதிவு இலவசம். ஆனால் மனநலப் பிரிவில் பதிய, குறைந்தது இரண்டு ஆண்டுகள் மனநலச் சிகிச்சை பெற்றிருக்க வேண்டும், மனநல நிபுணர் உறுதிப்படுத்த வேண்டும். ஆறாவது மாதமே படிவத்தோடு போய்த் திரும்பி வராதீர்கள். சிகிச்சை தொடங்கிய தேதிக்கான ஆதாரத்தை, அதாவது முதல் சந்திப்பு அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள்.

நீங்கள் வருமான வரி கட்டுபவர் என்றால் பெற்றோரின் மருத்துவத்துக்கும் பராமரிப்புக்கும் ஆண்டுக்கு 8,000 ரிங்கிட் வரை விலக்கு உண்டு. ரசீதில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். எங்கள் அண்ணன் பெயரில் எழுதிய ரசீதுகளை வைத்து நான் எதுவும் செய்ய முடியவில்லை.

வீடு, வங்கிக் கணக்கு பற்றி ஒன்று. அம்மா தெளிவாக இருக்கும்போதே வழக்கறிஞரைப் பாருங்கள். நம் நாட்டில் எழுதிக்கொடுத்த அதிகாரப் பத்திரம், கொடுத்தவர் முடிவெடுக்கும் திறனை இழந்தால் செல்லாமல் போகும். அதன்பிறகு மனநலச் சட்டத்தின் கீழ் உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். செலவும் காலமும் அதிகம்.

10. உங்கள் பங்கை எழுதி வையுங்கள்

எங்கள் வீட்டில் ஐந்து பிள்ளைகள். முதல் வருடம் எல்லாச் சந்திப்புக்கும் போனது நான் ஒருத்தி. ஜொகூரில் இருக்கும் அண்ணன் தொலைபேசியில் அறிவுரை சொன்னார், நான் ஒருநாள் மருத்துவமனைப் படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதேன். பிறகு ஒரு தாளில் எழுதினோம்: யார் பணம், யார் சந்திப்பு, யார் மருந்து வாங்குவது, எந்த ஞாயிறு யார் அம்மாவோடு தங்குவது. அண்ணன் மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு பஸ் ஏறி வருகிறார். அந்த இரண்டு நாளும் நான் உறங்குகிறேன். உங்களுக்கே உறக்கம் கெட்டு, எரிச்சல் அம்மாவின் மேல் பாயத் தொடங்கினால் அடுத்த சந்திப்பில் மருத்துவரிடம் உங்களைப் பற்றியும் சொல்லுங்கள். மலேசிய மனநலச் சங்கத்திலும் குடும்பத்தாருக்கான ஆதரவுக் குழு பற்றிக் கேட்கலாம்.

அந்தத் தாள் எங்கள் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறது. கீழே அடுத்த சந்திப்புத் தேதியை அம்மாவே தன் கையால் எழுதுகிறார்.